கலியாண டிவிடி பிளேயரில் கழற்றிய விளக்கும் இஸ்மாயில் மேசனின் கோடும்

ஆய்வுகூடத் திறப்புக்கொத்து முதல்முதலாகக் கையில் கிடைத்திருக்கும் ஆசிரியத் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

பயிற்சி முகாமுக்கு வந்து பேசச் சொன்னீர்கள். என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதியும் உண்டு. முக்கியமான இடத்தில் யாரும் பிளேன்டீயோடு உள்ளே வந்து பேச்சைக் குழப்பமாட்டார்கள்.

நான் கல்முனைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். நான் பொறுப்பேற்றபோது ஆய்வுகூடத்தில் ஒளி சம்பந்தமாக இருந்தவை நல்ல அரியங்கள் சில, பூஞ்சணம் பிடித்த வில்லைகள் பல, எரியாத சோடியம் விளக்கு ஒன்று. புது விளக்குக்கு விண்ணப்பித்தோம். வரும் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற அன்றும் அதையேதான் சொன்னார்கள். ஆகவே வீடுகளில் பழுதாகிப் போன சாமான்களிலிருந்து ஒளிமுதல்களைக் கழற்றி எடுக்கப் பழகினோம். டிவிடி பிளேயரிலிருந்து சிவப்பு லேசர், உடைந்த டீவித் திரையின் பின்னாலிருந்து வெள்ளை எல்ஈடி பட்டி, ரிமோட்டின் மூக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி. எங்கள் ஊரில் ஒரு டீவி செத்தால் அதன் சொந்தக்காரருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தகவல் வரும்.

எப்படிக் கழற்றுவது, எந்தக் காலில் எந்த வயரைப் பற்றவைப்பது என்பதெல்லாம் சப்னா உங்களுக்குச் செய்து காட்டுவார். நான் எழுதப்போவது எப்போது விளக்கைப் போடுவது, எப்போது அணைப்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை அளப்பது என்பதைப் பற்றி.

சப்னாவைப் பற்றிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல அவரே அனுமதி தந்திருக்கிறார். என்னிடம் ஆய்வுகூட உதவியாளராகப் புதிதாக வந்து சேர்ந்த காலத்தில் அவர் ஒரு டிவிடி பிளேயரைப் பிரித்து லேசரை எடுத்து பெட்டரியில் பொருத்தினார். வெளிச்சம் வரவில்லை.

“டீச்சர், இது செத்துப் பெய்த்து” என்றார். சொல்லிக்கொண்டே, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

நான் பெட்டரியைப் பிடுங்கி எறிந்தேன். அது போய் வில்லை அலுமாரியில் பட்டு, இருந்த நல்ல வில்லைகளில் ஒன்று உடைந்தது. பிறகு அவருடைய ஃபோனின் முன்பக்கக் கமெராவை அந்த லேசருக்குப் பக்கவாட்டில் பிடித்து, பெட்டரியைத் திரும்பப் பொருத்திக் காட்டினேன். ஃபோன் திரையில் ஊதாப் புள்ளி ஒன்று நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிளேயர்களில் இரண்டு லேசர் இருக்கும். ஒன்று டிவிடிக்கு, சிவப்பு. மற்றது சீடிக்கு, கண்ணுக்குத் தெரியாதது. தெரிகிற வெளிச்சம் அடித்தால் கண் தானாக மூடும். தெரியாத வெளிச்சத்துக்குக் கண் மூடாது. அதனால் எரியவில்லை என்று நினைக்கிற ஒளிமுதலை எரிகிறது என்றே எண்ணி நடத்துங்கள். சப்னா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. வில்லை உடைந்ததற்காக நானும் அவரோடு பேசவில்லை.

இனி, எனக்கு ஆய்வுகூடம் பழக்கித் தந்த சேர். அவர் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மெதடிஸ்தர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு ஆய்வுகூடத்துக்கு வருவார், திங்கட்கிழமை அந்தச் சட்டையில் அமிலம் பட்ட ஓட்டை இருக்கும். எந்த அளவீட்டைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

“திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா பிள்ளை?”

கருவியை மறுபக்கம் திருப்பி வைத்து இன்னொரு தடவை அளந்தாயா என்று அர்த்தம். இரண்டும் ஒத்து வந்தால் கருவியை நம்பலாம். ஒத்து வராவிட்டால் இவ்வளவு நேரமும் கருவியின் கோணலைத்தான் அளந்திருக்கிறாய். இந்தப் பழக்கத்தை அவர் ஆய்வுகூடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சந்தையில் சீனி நிறுக்கும்போதும் தட்டை மாற்றி நிறுக்கச் சொல்லுவார். இரண்டு கடைக்காரர்கள் அவருக்குச் சாமான் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது இஸ்மாயில் மேசனின் விஷயத்துக்கு வருகிறேன். இது நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் நடந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் புதிய மண்டபம் கட்டினார்கள். எந்தப் பள்ளிவாசல் என்று கேட்காதீர்கள். காணி வீதியோடு சாய்ந்து கிடந்ததால் மண்டபச் சுவர்களும் வீதியோடு சாய்ந்தே எழுந்தன. தொழுகைக்கு நிற்கும் வரிசைகளோ கிப்லாவை, அதாவது மக்காவில் கஃபா இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும், வீதியைப் பார்க்கக் கூடாது. அதனால் சுவரை விட்டுவிட்டு, கிப்லாத் திசைக்குத் தரையில் ஒரு சோக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு அமைவாக டைல்ஸ் பதிப்பது என்று முடிவானது. ஒவ்வொரு ஸஃப்புக்கும், அதாவது தொழுகை வரிசைக்கும், கோட்டுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டி. தன் ஃபோனின் கிப்லா அம்பைப் பார்த்துக் கோட்டைப் போட்டுக் கொடுத்தவர் நம்பிக்கையாளர் சபையின் தலைவர். அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார். நல்ல மனிதர்தான், ஆனால் தான் பிழை விட்ட சந்தர்ப்பம் ஒன்று அவருக்கு அதுவரை வாய்க்கவில்லை. டைல்ஸ் பதித்தவர் இஸ்மாயில் மேசன்.

மண்டபம் திறந்து, சோறாக்கி எல்லோரும் சாப்பிட்டு, சில கிழமைகள் போயின. கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு இளைஞன் மண்டபத்தின் நடுவில் ஃபோனை வைத்துப் பார்த்து, ஸஃப்பு கோணல் என்று சொன்னான். அதன்பிறகு தொழுகைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஃபோனோடு நின்றார்கள். ஒருவர் கறுப்புப் பட்டியில் நேராக நின்றார், பக்கத்தில் நின்றவர் ஃபோன் சொன்னபடி சரிந்து நின்றார். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதில் ஒருவர் தலை மற்றவர் தோளில் இடித்தது. தோளில் இடி வாங்கியவர்கள் தொழுகை முடிந்து வெளியே வந்து கதைத்த கதை நல்லதாக இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒரே மண்டபத்தில் இரண்டு ஜமாஅத்தாகத் தனித்தனித் தொழுகை நடந்திருக்கும்.

தலைவர் ஹாஜியார் ஒரே வரியில் முடித்துவிட்டார். “நான் கோடு சரியாத்தான் குடுத்தன். மேசன் கோணலாப் போட்டுட்டான்.”

இஸ்மாயிலும் ஒரே வரிதான் சொன்னார். “ஹாஜியார் தந்த கோட்டுக்கு மேலதான் நான் போட்டன்.”

கோடு டைல்ஸுக்கு அடியில் கிடந்தது. சாட்சி இல்லை. அரிசி ஆலைக்கும் சாந்துக் கரண்டிக்கும் நடுவில் ஊர் யாரை நம்பும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

எங்கள் பகுதியில் பட்டப்பெயர் என்பது வீட்டு இலக்கத்தை விட உறுதியானது. ஒருவருக்கு வைத்த பெயர் அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். கலியாணக் கார்டில் அடிக்கமாட்டார்கள், கார்டைக் கொடுக்கும்போது வாயால் சொல்லுவார்கள். இஸ்மாயிலுக்குக் ‘கோணல்’ என்று பெயர் விழுந்தது. ஒரு மேசனுக்கு அதைவிடக் கெட்ட பெயர் இல்லை.

அவர் மனைவி ஸித்தி என் வீட்டுக்கு வந்தார். அவர்களுடைய மகள் என்னிடம் படித்தவள்.

“டீச்சர், அவரு நம்மட பள்ளிக்குப் போறத்த உட்டுட்டாரு. ஒவ்வொரு வக்துக்கும் மருதமுனைக்கு சைக்கிள்ல போய்த் தொழுதுட்டு வாறாரு. கேட்டா, அங்க காத்து நல்லா வருது எண்டு சொல்றாரு.”

“வேலைக்குப் போறாரா?”

“போறாரு. மட்டப்பலகைய வச்சுப் பாத்த இடத்தையே திரும்பத் திரும்பப் பாக்காரு டீச்சர். நேத்து மகன் ஸ்கூலால அழுதுட்டு வந்தான். ‘கோணல்ட மகன்’ எண்டு சொல்லிட்டாங்களாம்.”

என் குசினித் தரை இஸ்மாயில் பதித்தது. ஒரு மூலையில் தண்ணீரை ஊற்றினால் அது தானாகவே வடிகாலைத் தேடிப் போகும். அவர் கோணலாகப் போட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் நான் நம்புவது அளவீடு ஆகாது. அதை ஸித்தியிடம் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பள்ளிவாசல் மௌலவியைப் போய்க் கண்டேன். வருடத்தில் இரண்டு தடவை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வரும். அந்த நேரத்தில் உலகத்தில் எங்கே நின்று சூரியனைப் பார்த்தாலும் நாம் கிப்லாவைத்தான் பார்க்கிறோம். எங்கள் பக்கம் அது நண்பகல் லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரம். தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அதன் நூலின் நிழலே கிப்லாக் கோடு. ஃபோன் தேவையில்லை, ஹாஜியாரும் தேவையில்லை. மௌலவிக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

“தெரியும் டீச்சர். ஆனா நான் சொன்னா மௌலவி ஒரு பக்கம் சாஞ்சிட்டாரு எண்டு வரும். நீங்க வந்து அளங்க. லுஹருக்குப் பிறகு பக்கக் கதவால வாங்க.”

நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பள்ளிவாசலின் பாங்கைக் கேட்டுத்தான் எழும்பியிருக்கிறேன், சோறு ஆக்கியிருக்கிறேன். தொழுவிப்பவர் நிற்கும் அதன் மிஹ்ராபைக் கிட்டே நின்று பார்க்க எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு ஒரு பௌதிகவியல் பரிசோதனைக்காக வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிழல் ஒரு முழம் அல்லது இரண்டு முழம் விழும். சண்டையோ மண்டபம் முழுவதற்கும். நிழலின் கோட்டை மறுமுனை வரை நீட்ட வேண்டும். நூல் கட்டலாமே என்று சப்னா கேட்டார். கட்டலாம். ஊரே வந்து நிற்கும், நாலு பேர் மிதிப்பார்கள், நூலை யாரோ நகர்த்திவிட்டார் என்ற கதை அஸருக்கு முதல் கடைத்தெருவுக்குப் போய்விடும். வெளிச்சத்தை யாரும் மிதித்து நகர்த்த முடியாது. அதனால் லேசர் ஒன்று செய்வதென்று தீர்மானித்தோம். லேசரின் முன்னால் ஆய்வுகூடக் கண்ணாடிக்கோல் ஒன்றைக் குறுக்கே வைத்தால் புள்ளி கோடாக விரியும். அதைத் தரையில் விழ விட்டால் போதும்.

டிவிடி பிளேயரைத் தலைவர் ஹாஜியாரிடமே போய்க் கேட்டேன். வேறு யாரிடமாவது வாங்கினால் அந்த ஆள் எந்தக் கட்சி என்று கேள்வி வரும். அவர் பெருந்தன்மையாகத் தூக்கித் தந்தார்.

“எடுத்துட்டுப் போங்க டீச்சர். மகள்ட கலியாண டிவிடி உள்ள மாட்டிக் கிடக்கு. அத மட்டும் கீறாமத் தாங்க.”

அந்தக் கலியாணத்தைப் பல நூறு தடவை வாசித்த லேசர் அது. நல்ல நிலையில் இருந்தது.

இதற்கிடையில் சப்னா எங்கிருந்தோ ஒரு கம்பியூட்டர் டிவிடி ரைட்டரைக் கொண்டுவந்தார். அதன் லேசர் டிஸ்கில் எழுதுவதற்கானது, பல மடங்கு பலம். கோடு பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரியும் என்றார். தெரியும்தான். கறுப்புத் தாளில் பிடித்தால் புகையும் வரும். அந்த மண்டபத் தரையில் பிள்ளைகள் படுத்துக் கிடப்பார்கள், பெரியவர்கள் குனிந்து கன்னத்தைத் தரையில் வைத்துக் கோடு நேரா என்று பார்ப்பார்கள். நான் வேண்டாம் என்றேன். மங்கலான கோட்டைப் பார்க்க ஜன்னலைச் சாத்தலாம், பொசுங்கிய கண்ணுக்குச் சாத்துவதற்கு ஒன்றும் இல்லை. ஊர்ச்சண்டையைத் தீர்க்கப் போய் ஒருவருடைய கண்ணைக் கெடுத்துவிட்டு வந்தால், பட்டப்பெயர் அடுத்ததாக என் வீட்டுக்குத்தான் வரும். படிக்கிற லேசரையே பொருத்தினோம்.

அந்த நாளும் வந்தது. வெயில் நன்றாக இருந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் நன்றாக இருந்தது. மேற்கு ஜன்னலில் கட்டிய தூக்குக்குண்டு காற்றில் ஆடிக்கொண்டே நின்றது, நிழலும் அதோடு ஆடியது. குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கினேன். ஆட்டம் அடங்கியது. சூரியன் நேரத்துக்கு வந்ததும் சப்னா நூலின் நிழலைப் பென்சிலால் தரையில் கீறினார். சுற்றி நின்றவர்கள் நபியவர்கள் மேல் ஸலவாத்துச் சொன்னார்கள். ஜன்னல்களைச் சாத்தினோம். லேசரைப் பென்சில் கோட்டின் மேல் பொருத்திப் போட்டதும், மண்டபத்தின் மறுமுனை வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

அது டைல்ஸின் இடுக்குகளோடு ஒத்துப்போகவில்லை. கண்ணாலேயே தெரிந்தது.

“சொன்னன்தானே” என்றார் தலைவர் ஹாஜியார். மைக்கை எடுத்து வரச் சொன்னார்.

நான் அந்தக் கோட்டைச் சோக்கால் புள்ளி புள்ளியாகக் குறித்துவிட்டு, லேசரைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு நடந்தேன். அங்கிருந்து இந்தப் பக்கம் பார்க்க வைத்து, அதே கோட்டின் மேல் திரும்பப் போட்டேன். இரண்டு கோடும் ஒத்து வரவில்லை. நடுவில் கையகலம் விலகிக் கிடந்தது. வெளிச்சம் கண்ணாடிக்கோலில் சரிந்து விழுந்தால் கோடு மெல்ல வளையும், பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். எங்கள் கருவியும் கோணல்.

“டீச்சர்ட மெசினும் கோணலாமே” என்று பின்னால் ஒருவர் சொன்னார். நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சப்னா கண்ணாடிக்கோலின் அடியில் தாளை மடித்து வைத்து நிமிர்த்தினார். போட்டோம், திருப்பினோம். இன்னும் விலகியது. திரும்பவும் நிமிர்த்தினோம். அஸருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது, ஹாஜியார் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சேரின் அந்த ஒரே கேள்வியை நினைத்துக்கொண்டு நான் அவசரப்படாமல் இருந்தேன். கடைசியில் இரண்டு பக்கமிருந்தும் கோடு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது.

சரியான கோடு. அதுவும் டைல்ஸோடு ஒத்துப்போகவில்லை. ஏழெட்டுப் பாகை விலகி இருந்தது.

அப்போதுதான் பக்கக் கதவுக்கு வெளியே, தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யும் குழாயடியில் இஸ்மாயில் நிற்பதைக் கண்டேன். ஸித்தி கூட்டி வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை, கதவின் ஓரமாக அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மனிதரின் பெயரைத் துடைக்கவென்று வந்து, அவர்மேல் விழுந்த பழியை ஊர் முன்னால் அளந்து உறுதிப்படுத்திக் கொடுத்திருக்கிறேன்.

“இன்னும் ஒரு அளவு இரிக்கி ஹாஜியார்” என்றேன்.

“இனி என்னத்த அளக்க?”

“கறுப்புப் பட்டிய.”

லேசரை முதலாவது கறுப்புப் பட்டியின் ஓரத்தில் வைத்துப் போட்டேன். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை பட்டியின் விளிம்பில் சிவப்புக் கோடு படிந்து கிடந்தது. நகம் அளவுகூட விலகவில்லை. அடுத்த பட்டிக்குப் போனேன். அதுவும் அப்படியே. ஒவ்வொன்றாகக் கடைசி ஸஃப்பு வரை போனேன். சப்னா இரண்டு முனையிலும் பட்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நாடா வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒன்று.

நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிற விஷயம்தான் இது. வழு இரண்டு சாதி. கையின் வழு அலையும், ஒரு இடத்தில் கூடும், இன்னொரு இடத்தில் குறையும். கருவியின் வழு அலையாது, எல்லா இடத்திலும் ஒரே அளவாக விலகி நிற்கும். கோணலாகப் போடுகிற மேசனின் வரிசைகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குக் கோணும். இங்கே மண்டபம் முழுவதும் ஒரே திசைக்கு அப்பழுக்கில்லாமல் திரும்பி இருந்தது. அவர் தனக்குக் கொடுத்த கோட்டை அப்படியே பின்பற்றியிருக்கிறார். பிழை கோட்டில் இருக்கிறது. கோடு எப்படி வந்தது?

“ஹாஜியார், அண்டைக்குக் கோடு போட ஃபோன எந்த இடத்தில வச்சீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “வேற எங்க வைக்கிற? மிஹ்ராபுக்குள்ளதான். கிப்லாவ நடுமண்டபத்திலயா பாக்கிற?”

அவர் சொன்னதில் ஒரு கண்ணியம் இருந்தது. எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள். நான் மிஹ்ராபின் கிட்டே போனேன். பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு மாடம், அதன் மேல் பச்சைத் திரை. திரையை விலக்கினேன். உள்ளே ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அதற்குள் இருக்கிற காந்தம் ஒரு ரொட்டியின் அகலத்துக்கு வரும். திசைகாட்டியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அது வடக்கைப் பார்க்காது, ஸ்பீக்கரைத்தான் பார்க்கும். ஃபோனுக்குள் இருப்பதும் ஒரு திசைகாட்டிதான்.

“இந்தப் பெட்டி எப்ப வந்த?” என்று பாங்கு சொல்லும் முஅத்தினிடம் கேட்டேன்.

“டைல்ஸ் போடுறத்துக்கு முதல்லயே வச்சிட்டம் டீச்சர். பாங்கு சொல்லணுமே.”

இந்த இடத்தில் நான் வாய் திறந்து விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது டீச்சர் ஹாஜியாரைப் பிழை கண்ட கதையாகப் போயிருக்கும். ஊர் அதை வைத்து இன்னொரு வருடம் சண்டை பிடித்திருக்கும். அன்றைக்கு வைத்த மாதிரியே ஃபோனை ஒருதரம் வைத்துக் காட்டுங்கள் என்று மட்டும் ஹாஜியாரிடம் கேட்டேன்.

அவர் மைக்கை முஅத்தினிடம் கொடுத்துவிட்டு, ஃபோனை எடுத்து மிஹ்ராபுக்குள் வைத்தார். அம்புக்குறி சுற்றி வந்து நின்றது. டைல்ஸின் இடுக்கு எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் அம்பும் போனது, பசை போட்டு ஒட்டிய மாதிரி. பிறகு மௌலவி மெதுவாகச் சொன்னார், “நடுவுக்குக் கொண்டு வாங்க ஹாஜியார்.” அவர் நடுவுக்கு வந்து ஃபோனைத் தரையில் வைத்தார். அம்பு திரும்பி, சிவப்புக் கோட்டின் பக்கம் போய் நின்றது. ஹாஜியார் ஃபோனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஃபோன் பழசு” என்றார்.

மௌலவி அதற்குமேல் யாரையும் பேச விடவில்லை. “தெரியாமத் தொழுதது தொழுகைதான். அதப் பத்தி யாரும் கவலப்படத் தேவல்ல. தெரிஞ்ச பிறகு திரும்பிக்கணும், அவ்வளவுதான். இஸ்மாயில், உள்ள வாங்க. அஸருக்கு ஸஃப்புக்கு ஒரு கோடு அடிச்சுத் தாங்க.”

இஸ்மாயில் கால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். லேசரின் கோட்டுக்கு மூலைமட்டம் வைத்துப் பார்த்து, சோக் பூசிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினார். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நானும் சப்னாவும் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு பக்கக் கதவால் வெளியேறினோம். திரும்பிப் பார்த்தபோது அவர் தான் அடித்த கோட்டிலேயே, முதல் ஸஃப்பில் நின்றார். ஸித்தி குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. சப்னாவிடம் தூசி என்று சொன்னேன், கச்சான் காலத்தில் அதை யாரும் நம்பத்தான் வேண்டும்.

பட்டப்பெயரும் வீணாகப் போகவில்லை. ‘கோணல்’ உதிர்ந்துபோய், ஊரில் ‘ஃபோன் ஹாஜி’ என்று ஒரு பெயர் புழக்கத்துக்கு வந்தது. நான் அதைச் சொல்லுவதில்லை. அவர் தந்த லேசரில்தான் இன்றைக்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒளித்தெறிப்புப் படிக்கிறார்கள். கலியாண டிவிடியைக் கீறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு டைல்ஸை மாற்றிப் பதிப்பதென்று சபை முடிவெடுத்தது. இஸ்மாயிலையே கூப்பிட்டார்கள். அவர் வர ஒப்புக்கொண்டு, டீச்சரையும் மெசினோடு வரச் சொல்லியிருந்தார். பழைய டைல்ஸ் எல்லாம் கிளப்பியாகிவிட்டது. ஸ்பீக்கர் பெட்டி வெளி விறாந்தைக்குப் போயிருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு சுவர்களிலும் குறித்து வைத்திருந்த புள்ளிகளில் லேசரைப் போட்டு, திருப்பிப் போட்டு, சரி பார்த்துக் கொடுத்தோம். ஹாஜியார் இந்தத் தடவையும் தன் கையாலேயே நூலின் ஒரு முனையைப் பிடித்தார். கோடு விழுந்தது. சாந்து குழைத்து ஆயத்தமாக இருந்தது. சபைக்காரர் எல்லோரும் வேலை தொடங்குவதைப் பார்க்க நின்றார்கள்.

இஸ்மாயில் தொடங்கவில்லை. சாந்துக் கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“ஹாஜியார், இது நீங்க தந்த கோடுதானே?”

“ஓம்” என்றார் ஹாஜியார், தொண்டைக்குள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஹாஜியார். ஸ்பீக்கர் இப்ப வெளியிலதானே இரிக்கி.”

ஹாஜியார் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

“ஓம் இஸ்மாயில். இது நான் தந்த கோடு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, “மத்ததும் நான் தந்ததுதான்” என்றார்.

இஸ்மாயில் குனிந்து முதல் டைல்ஸைக் கோட்டின் மேல் வைத்தார். நான் லேசரை அணைத்தேன்.